ஐம்பது விரல்

துடுப்புப் பட்ட இடமெல்லாம் நுண்ணுயிர்கள் ஒளிவிட்டு, இருட்டுக்கடல் நீலமாக எரிந்தது. “கோடி மின்மினியைக் கரைச்சு ஊத்தியிருக்காங்கய்யா!” என்று கூவினேன். பக்கத்துக் கயாக் படகில் வந்த வழிகாட்டி ஜெரால்டு, “ஆமாங்க சார்” என்றார். “அதோ, அறுபதடி மீன்!” என்றேன். “ஆமாங்க சார்.” எதைச் சொன்னாலும் நம்புகிறவரோடு என்னதான் பேசுவது? நாற்பது வருடம் நான் விருந்தாளிகளிடம் அளக்கும்போதெல்லாம், என் மனைவி வேதவல்லி அடுக்களையிலிருந்தே, “இவர் சொல்றதைப் பத்தால வகுத்துக்குங்க” என்பாள். நான் அடித்த முப்பது பாம்பு மூன்றாகும். எல்லோரும் சிரிப்பார்கள், என்னைவிட அதிகமாக யாரும் சிரித்ததில்லை. தை மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு நான் சொல்வதெல்லாம் வகுபடாமல் அப்படியே நிற்கிறது. என் கயாக்கில் இரண்டு இருக்கை. முன்னால் ஆள் இல்லாததால் படகின் மூக்கு தூக்கிக்கொள்ளும் என்று ஜெரால்டு அங்கே ஒரு மணல் மூட்டையை வைத்திருந்தார். கையை நீருக்குள் விட்டேன். விரல்கள் தனித்தனியாகச் சுடர்விட்டன. “ஜெரால்டு, என் கையில அம்பது விரல் எரியுது!” “ஆமாங்க சார். கரைக்குத் திரும்பலாங்களா?” மூட்டையைப் பார்த்தேன். ஐந்து என்று யாராவது சொல்லும்வரை நான் கையை எடுப்பதாக இல்லை.