கிரான்விக் கடைசி ஸ்டாப்

"இன்னிக்கு உன் பஸ்ல யார் வர்றாங்கன்னு தெரியுமா?" டெப்போ வாசலில் தன் பஸ் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்த மாரித் கேட்டாள்.

"யாரு?"

"புது மேனேஜர் லென்னார்ட். மத்தியானம் வரைக்கும் உன் வண்டியிலதானாம். கையில கடிகாரம் வேற."

இங்கெலாவுக்குக் கடிகாரம் என்றாலே ஆகாது. கிரான்விக் கடைசி ஸ்டாப்பிலிருந்து வண்டியை லேட்டாக எடுக்கிறாள் என்று ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வந்தாயிற்று. இன்னொன்று வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கி ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். பஸ் ஓட்டுவதைத் தவிர வேறெதையும் ஆசைப்பட்டுச் செய்யாதவளுக்கு அது ஜெயில்தான்.

லேட்டுக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். கிரான்விக்கில் டிரைவர்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஏரிக்கரையோரம் இருக்கும் பீட்சா கடைக்கு ஓடிப் போய், கெஞ்சி, திரும்பி ஓடி வர வேண்டும். இந்த ஓட்டத்துக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் ஓட்டி, போன வருஷம் சிறுநீரகத்தில் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

பெண் டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து பழைய மேனேஜரிடம் போய்க் கேட்டார்கள். "ஆண் டிரைவருங்க யாரும் இப்படிப் புகார் சொல்லலியே" என்று சொல்லிவிட்டு அவர் ஓய்வும் பெற்றுவிட்டார். மகராசன், அவருடைய அறைக்கு எதிரிலேயே கழிப்பறை.

லென்னார்ட் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார்.

"நான் இருக்கேன்னு நினைக்காதீங்க, இங்கெலா. எப்பவும் போல ஓட்டுங்க."

வேவு பார்க்க வந்தவர் பேசுகிற பேச்சா இது? இங்கெலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, எப்பவும் போலவே ஓட்டிக் காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டாள்.

கிரான்விக்கில் வண்டியை நிறுத்தியதும் ஃபிளாஸ்கைத் திறந்தாள்.

"காபி?"

அந்த ஊரில் காபி ஊற்ற வருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லும் வழக்கமே கிடையாது. லென்னார்ட் கப்பை நீட்டினார். விளிம்பு வரை ஊற்றினாள். மறு கோடியில், நகரத்து ஸ்டாப்பில், மறுபடியும் ஊற்றினாள். அங்கேயும் ஆட்களை இறக்கி ஏற்றத்தான் நேரம் இருக்கும். மத்தியானம் டெப்போவுக்குத் திரும்பினால்தான் கழிப்பறை.

"இன்னொரு கப்?"

லென்னார்ட் கப்பையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "ஊத்துங்க" என்றார்.

அடுத்த நடையில் அவர் கால் மேல் கால் போட்டார். அதற்கடுத்த நடையில் காலை மாற்றிப் போட்டார். நெற்றி வியர்த்தது, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இங்கெலா பள்ளங்களைத் தேடிப் போய் வண்டியை இறக்கினாள் என்று சொன்னால் அபாண்டம். தவிர்க்கவில்லை, அவ்வளவுதான்.

மறுபடியும் கிரான்விக் வந்தது.

"இங்கெலா, இங்க டாய்லெட்..."

"அதோ, அந்த பீட்சா கடைல. ஆனா போய்ட்டு வர்றதுக்குள்ள வண்டி லேட்டாயிடும். லேட்டானா எனக்கு எச்சரிக்கை வரும்."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஓடுவேன். இல்லைன்னா அடக்கிக்குவேன். இன்னிக்கு அடக்கிக்கிறேன், நீங்க இருக்கீங்களே."

லென்னார்ட் கடிகாரத்தைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "வண்டியை எடுங்க."

டெப்போவில் கதவு முழுசாகத் திறப்பதற்குள் மனிதர் குதித்து ஓடினார். பனியில் சறுக்கி, எழுந்து, மறுபடியும் ஓடினார். மாரித் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இங்கெலாவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கியது மாதிரி என்றைக்கும் இறங்கியதில்லை.

பனி உருகுவதற்குள் கிரான்விக்கில் சிவப்பு வண்ணம் அடித்த சின்ன மரவீடு ஒன்று எழும்பியது. உள்ளே கழிப்பறை, வெந்நீர், ஹீட்டர், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி. அலமாரியில் பெண்களுக்கு அவசரத்துக்கு வேண்டிய எல்லாம். டிரைவர் மூச்சு விட்டுக்கொண்டு வண்டியை எடுக்கிற மாதிரி பஸ் நேரமும் மாறியது. இங்கெலாவின் இரண்டு எச்சரிக்கையும் ரத்து.

திறப்பு நாளில் பெண் டிரைவர்கள் எல்லாரும் இங்கெலாவின் வண்டியில்தான் வந்து இறங்கினார்கள். கேக் வெட்டினார்கள்.

"நாம எத்தனையோ தடவை போய்க் கேட்டும் நடக்கல. இவ ஒரு ஃபிளாஸ்க் காபியில முடிச்சிட்டா" என்று மாரித் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். இங்கெலா ஒரு பெரிய பாட்டில் தண்ணீரை, டியூட்டி நேரத்தில், எல்லார் முன்னாலும் மடமடவென்று குடித்துக் காட்டினாள். சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆனால் மனசு ஒரு ஓரத்தில் உறுத்தியது. கேக் தட்டோடு லென்னார்டிடம் போனாள்.

"அன்னிக்கு அந்தக் காபி... வேணும்னேதான் ஊத்தினேன்."

"தெரியும். நீங்க ஒரு சொட்டுகூடக் குடிக்கலையே."

இங்கெலாவுக்கு முகம் சிவந்தது. பிறகு மெல்லக் கேட்டாள்.

"ஒண்ணுதான் புரியல. இங்க வர்ற ஆம்பள டிரைவருங்க எல்லாரும் ஸ்டாப்புக்குப் பின்னாடி அந்த மரத்துப் பக்கம் ஒதுங்கிட்டு வந்துடுவாங்க. அதனாலதான் அவங்க யாரும் புகாரே சொல்லல. நீங்களும் போயிருக்கலாமே? மரம் இருக்கிறது தெரியலையா?"

"தெரியாம என்ன? நானும் பஸ் ஓட்டினவன்தான். எல்லா ஊர் கடைசி ஸ்டாப்லயும் அப்படி ஒரு மரம் உண்டு" என்று லென்னார்ட் சிரித்தார். "அன்னிக்கு உங்க வண்டியில ஏறினதே, அந்த மரம் இல்லாம ஒரு நாள் இருந்து பார்க்கத்தான்."