காருக்கும் கத்தரிக்கோலுக்கும்

"செஞ்ச குற்றத்தை உங்க வாயாலயே சொல்லுங்க!"

முட்டை பொரித்துக்கொண்டிருந்த ராஸ்கோ அடுப்பை அணைத்துவிட்டு, மனைவி ஒடெஸாவின் முன் விறைப்பாக நின்றான்.

"ஐயா, எனக்கு அப்ப இருபது வயசு. கூட்டாளி ஒருத்தன் கொள்ளையடிக்கக் கடைக்குள்ள போனான். நான் வெளியில காரை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். நாலு வருஷம் ஜெயில்."

"அப்படிப்பட்ட ஆளுக்கு முடிவெட்டற லைசென்ஸ் ஒரு கேடா?" கரண்டியால் மேசையைத் தட்டினாள் ஒடெஸா.

"இப்ப சட்டம் மாறிடுச்சுங்க. பழைய கேஸை மட்டும் காட்டி மறுக்க முடியாது. செஞ்ச தப்புக்கும் செய்யப்போற வேலைக்கும் என்ன சம்பந்தம்னு நீங்கதான் சொல்லணும். காருக்கும் கத்தரிக்கோலுக்கும் என்னங்கய்யா சம்பந்தம்?"

"இதை வாரியத்துல சொன்னா உதைதான் விழும்!" சிரித்தவளின் முகம் சட்டென்று மாறியது. "கடைசியா அந்த லைசென்ஸைக் கேட்கணுமே. அதை மட்டும் ஏன் சொல்லிப் பார்க்க மாட்டேங்கறே?"

"அது இங்க எதுக்கு? அங்க கேட்டாப் போதும்."

மூன்று வாரமாகத் தினமும் நடந்த அந்தச் சமையலறை நாடகத்தை, முடிவெட்டுவோருக்கு லைசென்ஸ் கொடுக்கும் வாரிய அலுவலகத்தின் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டாள் ஒடெஸா. டேட்டன் ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். பூட்ஸில் ஒட்டியிருந்த பனி உருகித் தரையில் குளம் கட்டியிருந்தது.

எழுதி முடித்த விண்ணப்பம் பதினோரு வருடம் சமையலறை இழுப்பறையில் கிடந்தது. புதுச் சட்டம் வந்த பிறகுதான் அதை வெளியே எடுக்கத் துணிவு வந்தது.

"சலூன்ல தரையை மட்டும் பெருக்கினது போதும், ராஸ்கோ" என்றாள் மெல்ல.

"போதும் போதும்."

சர்ச்சுக்குப் போடும் கோட்டு, தலையில் தொப்பி. ராஸ்கோவின் காலரில் ஒட்டியிருந்த ஒற்றை முடியை ஊதிவிட்டாள்.

"உள்ள எதுக்குத் தொப்பி? கழட்டேன்."

"முடி கலையாம இருக்கட்டும்."

அவள் மூடியிருந்த கதவைப் பார்த்தாள். "அவங்க முன்னாடி வாய் அடைச்சுப்போச்சுன்னா?"

"அடைக்காது. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையெல்லாம் பழைய செருப்பு மாதிரி ஆயிடுச்சு. இனிமே காலைக் கடிக்காது."

கதவு திறந்தது. கோப்போடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஒடெஸா பிட்மன் யாரு? உங்க விசாரணைதான், வாங்க. கூட வந்த வீட்டுக்காரர் பின்வரிசையில உட்காரலாம்."

உள்ளே மேசைக்குப் பின்னால் வாரியத்தார் மூன்று பேர். ஒடெஸா எழுந்து நின்றாள். இத்தனை வருடம் வாய்விட்டுச் சொல்ல முடியாமலிருந்த தன் குற்றத்தை, மூன்று வாரமாகத் தனக்காகத் தன் கணவன் சொல்லிக் காட்டிய அதே வார்த்தைகளில், ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் ராஸ்கோ தொப்பியைக் கழற்றி, பின்கழுத்து தெரியும்படி தலையைக் குனிந்து காட்டினான்.

"அந்தத் தலை என் கைவேலை. ஒரு முடி தப்பா இருந்தாச் சொல்லுங்க" என்றாள் ஒடெஸா. "இல்லைன்னா, எனக்கு லைசென்ஸ் கொடுங்க."