சுவர் இடிந்த இடம்

நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டு அவள் குடுவையை மெல்ல நகர்த்துகிறாள். தட்டம்மை வைரஸை உள்ளே விடாத செல்கள் இவை. அது பற்றிக்கொள்ளும் பிடி இவற்றின் மேல் கிடையாது. வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு வேறு பிடி தேடுமா என்று பார்க்கத்தான் குடுவை குடுவையாக மாற்றி வளர்க்கிறாள். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. வெளிறிய வெளிச்சத்தில் செல்கள் சவ்வுச் சுவரோடு சுவராகக் கிடக்கின்றன. பின்னால், குடுவைகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர் உறுமுகிறது. அதில் அவளுக்கு விட்ட அடுக்குக்கு இன்றுதான் கடைசி நாள். "அக்கா, நாளையிலேருந்து உங்க அடுக்கு எனக்கு. தட்டம்மைக்குத் தாலாட்டுப் பாடினது போதும்," என்கிறான் பக்கத்து மேசைக்காரன். "வாயை மூடுடா." குடுவையின் ஓர் ஓரத்துக்கு வந்ததும் அவள் கை நின்றுவிடுகிறது. அங்கே ஏழெட்டு செல்களுக்கு நடுவே சுவரே இல்லை. உட்கருக்கள் எல்லாம் ஒரே அறைக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. தட்டம்மை வைரஸ் நுழைந்த செல்கள்தான் இப்படி ஒன்றோடொன்று கலந்துபோகும். அவன் குனிந்து பார்க்கிறான். "அடேயப்பா! சுவரை இடிச்சுக் கூட்டுக் குடித்தனமே வெச்சிருக்கானே!" அவள் சிரிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கவென்று வளர்த்த, வைரஸ் போடாத குடுவையை எடுத்து வைத்து மூலை மூலையாகப் பார்க்கிறாள். அதில் ஒரு சுவர்கூட விழவில்லை. புதுக் கையுறையை இழுத்து மாட்டுகிறாள். "அப்போ என் அடுக்கு?" "எப்படி நுழைஞ்சான்னு தெரியுற வரைக்கும் அது என்னோடது."