அலமாரிக்குள் இருந்த பந்து

வகுப்பறை அலமாரிக்குள் ஒரு பந்து அடைபட்டுக் கிடந்தது. விளையாட்டு நேரத்திலும் வாத்தியார் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கணக்கு நடத்தினார்.

"பிள்ளைகளைக் கொஞ்சம் வெயில்ல விடுங்கப்பா. எட்ட இருக்கிறது தெரியாமப் போயிடும்" என்று பந்து தினமும் கத்தியது.

மாணவி எழிலரசியின் மூக்கிலிருந்த கண்ணாடி சிரித்தது. "சும்மா கிட தலைவரே. அதுக்குத்தான் வருஷா வருஷம் நான் தடிச்சிக்கிட்டே வர்றேனே."

விளையாட்டு விழாவன்று அலமாரி திறந்தது. யாரோ எறிந்த பந்து எழிலரசியை நோக்கிப் பறந்தது. அவ்வளவு தூரத்தில் வருவது அந்தக் கண்ணாடி வழியே அவளுக்குத் தெரியவில்லை. அவள் நகராமல் நின்றாள். கண்ணாடி நொறுங்கியது.

"இதுக்குத்தான் வெளியே விடறதில்ல" என்று வாத்தியார் பந்தை மறுபடி பூட்டினார்.

இன்னும் தடிமனாகப் புதுக் கண்ணாடி வந்தது. அலமாரியைப் பார்த்து, "பிள்ளையை அடிச்ச ரௌடி நீதானா?" என்றது.

அதன்பிறகு பந்து கத்தவில்லை.