பச்சைத் தண்ணீர்

விடிந்து பார்த்தபோது கடல் பச்சையாகக் கிடந்தது. பாசி மண்டிய தண்ணீரில் மீன்கள் செத்து மிதந்தன. ரெஜினாளும் அவள் புருஷன் பிலவேந்திரனும் மிதவையில் தொங்கிய முத்துச்சிப்பிக் கூடைகளை வள்ளத்தில் இழுத்துப் போட்டு, ஈரச்சாக்கால் மூடிக்கொண்டு, நல்ல தண்ணீர் தேடி ஓடினார்கள். ஒவ்வொரு சிப்பிக்குள்ளும், முத்து விளைவதற்காக அவள் தன் கையால் கீறி வைத்த கரு இருந்தது. அவை வாயை இறுக மூடி வெயிலைத் தாங்கிக் கிடந்தன. எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்கும் தெரியாது.

"இங்கயே இறக்கிருவோம். இன்னும் வெயில்ல கிடந்தா செத்துப் போயிரும்" என்றான் அவன்.

ரெஜினாள் தண்ணீரை அள்ளி முகர்ந்தாள். அழுகல் வாடை போகவில்லை. "இன்னும் போங்க."

"திரும்பி வர டீசல் காணாதுளா."

"போங்கன்னேன்."

வழியில் இருந்த தீவைத் தாண்டிய பிறகு தண்ணீர் நீலமாயிற்று. அவன் இன்ஜினை நிறுத்தினான். அவள் ஒரே ஒரு கூடையைக் கயிற்றில் இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு கூடையைத் தண்ணீர் மட்டம் வரை தூக்கிக் குனிந்தாள். எல்லாச் சிப்பிகளும் வாய் திறந்திருந்தன. தண்ணீர் குடிக்கிற சிப்பியும் அப்படித்தான் இருக்கும், செத்த சிப்பியும் அப்படித்தான் இருக்கும்.

"தொட்டுப் பாருளா."

"நீங்க பாருங்க."

அவன் அசையவில்லை. கடைசியில் அவளே ஓரத்துச் சிப்பியைத் தொட்டாள். அது அப்படியே திறந்து கிடந்தது. அடுத்ததன் வாய்க்குள் விரலை வைத்தாள். அது படக்கென்று மூடி விரல் நுனியைக் கவ்விக்கொண்டது. நன்றாக வலித்தது. ரெஜினாள் விரலை இழுக்கவில்லை.