அணைக்கச் சொல்லித் தராத அடுப்பு

1966 அக்டோபர் 9, ஞாயிறு. காஸ் அடுப்பைப் பற்ற வைக்க அம்மாவுக்கு மூன்று முறை சொல்லிக் கொடுத்தேன். அணைக்கச் சொல்லித் தர மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது.

காலை வெயில் ஜன்னல் கம்பிகளுக்கிடையே விழுகிறது. பால் பொங்குகிறது. விறகடுப்புப் பழக்கத்தில் அம்மா ஒரு கை தண்ணீரை நீலச் சுடர்மேல் தெளிக்கிறாள். சுடர் அவிகிறது, சீறல் நிற்கவில்லை. சூட்டில் தண்ணீர் சுண்டும் சத்தம் என்று எண்ணி நானும் விட்டுவிடுகிறேன். இரண்டடி தள்ளிக் குமுட்டி அடுப்பில் கரி கனன்றுகொண்டிருக்கிறது.

"என்னடா நாத்தம், ஸ்ரீகண்டா?"

அம்மா கேட்டு முடிப்பதற்குள் ராஜி மன்னி ஓடிவந்து குமிழைத் திருகி மூடுகிறாள். நான் குமுட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப் போய்விட்டு வந்து ஜன்னலை விரியத் திறக்கிறேன்.

"இந்தச் சனியனைத் திருப்பிக் குடுத்துடு. எனக்கு விறகே போறும்." அம்மா அடுப்பைவிட்டு விலகுகிறாள்.

மன்னியின் கண்ணுக்குப் புகை ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகுதான் இந்த சிலிண்டரே வந்தது. பழக்கதோஷத்தில் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். இன்று துடைக்க நீரில்லை. பால் பாத்திரத்தின் அடியிலும் கரியில்லை. அம்மா அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாற்றம் மெல்ல விலகுகிறது.

"எந்தப் பக்கம் திருகணும், ராஜி? எனக்கும் காட்டு."

நாளை காலை முதல் வேலை: விறகு டிப்போவுக்குப் போய், இந்த மாத வண்டி வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.