வால் முளைத்த கார்

"யாரைக் கேட்டுய்யா என் கார்ல வாலை ஒட்டுன?"

மேனேஜர் போட்ட சத்தத்தில், காரின் பின்னால் குனிந்திருந்தவர் கையிலிருந்த பசைக் குழாயை நழுவவிட்டார். மேனேஜர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. தெருவில் இன்னும் அவருக்கு அதுதான் பெயர். குரல் மட்டும் ஓய்வு பெறவே இல்லை.

கார், வீட்டோடு சேர்ந்த கூரைக்கு அடியில், முகத்தைச் சுவருக்குக் காட்டி நின்றது. பின்பக்கம் முழுக்கப் பழைய பேப்பர். பசை பட்டுவிடக் கூடாதென்று விளக்குகளையும் நம்பர் பிளேட்டையும் மூடி வைத்திருந்தார் அந்த ஆள். டிக்கியின் மேல், கன்னங்கரேலென்று பளபளத்துக்கொண்டு ஒரு ஸ்பாய்லர்.

"வால் இல்ல சார், ஸ்பாய்லர். பந்தயக் கார்லல்லாம்..."

"நான் என்ன பந்தயத்துக்கா போறேன்? ஸ்டேஷனுக்குப் போறேன். சம்பந்தி வர்றாரு. கல்யாணத்துக்கு அப்புறம் இப்பதான் முதல் தடவையா வீட்டுக்கு வர்றாரு. இந்த வாலோட போய் நின்னா மனுஷன் என்னைப் பத்தி என்ன நினைப்பாரு? கழட்டு முதல்ல."

"போன்ல சொன்ன விலாசம் இதுதான் சார். வெள்ளைக் கார், கூரைக்கு அடியில நிக்கும், காலையில வந்து ஒட்டிடுங்கன்னு சொன்னாங்க."

"எந்த வெள்ளைக் கார்? இந்தத் தெருவுல வீட்டுக்கு வீடு வெள்ளைக் கார்தான். என் பேச்சைக் கேட்டு எங்க குடும்பத்துலயே ரெண்டு மூணு பேரு இதே கார், இதே வெள்ளை வாங்கியிருக்காங்க. சொன்னவனுக்குப் போனைப் போடு. நானே கேக்குறேன்."

ஒட்டுகிறவர் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். யாரும் எடுக்கவில்லை.

"எப்படி எடுப்பான்? ராத்திரியெல்லாம் ஊரைச் சுத்திட்டு இப்பதான் படுத்திருப்பான். கார்ல வால் வெச்சுக்கறவன் வேற எப்படி இருப்பான்?"

மாடி ஜன்னல் திறந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மெதுவாப் பேசுங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் தூங்குறாங்க. ராத்திரி நீங்க படுத்ததுக்கு அப்புறம் அந்தக் காரை..."

"காரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நீ போய்ச் சமையலைப் பாரு. சம்பந்தி வர்ற நேரம்."

ஜன்னல் சாத்திக்கொண்டது. அந்த வீட்டில் ஜன்னல்களுக்கும் அது பழகிப்போன காரியம்.

"சார், தப்பு என்னுதாவே இருக்கட்டும்," என்றார் ஒட்டுகிறவர். "எடுத்துடறேன். ஆனா பசை பெயிண்ட்டைப் பிடிச்சிருச்சு. சூடு காட்டி, நூலை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்துத்தான் எடுக்கணும். ஒரு மணி நேரம் குடுங்க."

"ரயில் உனக்காக நிக்குமா?"

"அவசரப்பட்டா பெயிண்ட் உரிஞ்சிடும் சார். உரிஞ்சா முதலாளி என்னை வேலையை விட்டே அனுப்பிடுவாரு."

"என் கார். என் பெயிண்ட். போனா எனக்குத்தானே போகுது? உனக்கு என்ன வந்துச்சு?"

மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒட்டுகிறவரின் பெட்டியில் கிடந்த இரும்புத் தகட்டை எடுத்தார். ஸ்பாய்லருக்கு அடியில் செருகினார். ஒட்டுகிறவர் ஓடி வந்து தடுப்பதற்குள் பலங்கொண்ட மட்டும் நெம்பினார்.

படக்கென்று இரண்டாக உடைந்து கையோடு வந்தது வால். கூடவே ஒரு பட்டை வெள்ளைப் பெயிண்ட்டும் வந்தது. உரிந்த இடத்தில் தகரம் பல்லை இளித்தது.

ஒட்டுகிறவர் உரிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். துடைத்து, அளந்து, ஒரு நூல் கோணாமல் ஒட்டிய வேலை. தகட்டைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டார்.

"கை வெச்சது நீங்க சார். நான் இல்ல. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க."

"வெச்சுக்கறேன். போ." மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. உடைந்த துண்டுகளை அவர் காலடியில் வீசினார். "இதை ஒட்டச் சொன்னவனை எந்த அப்பன் வளர்த்தானோ. அதுக்கு மேல, அவனுக்கும் ஒருத்தன் பொண்ணைக் குடுத்திருப்பான் பாரு. அந்த மாமனாரை நினைச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு."

கையைத் துடைத்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அழுத்தினார்.

கார் சும்மா நின்றது. மறுபடி அழுத்தினார்.

வாசலுக்கு வெளியே, மரத்தடியில், காக்கை எச்சத்தோடு நின்றிருந்த இன்னொரு வெள்ளைக் கார் விளக்கைச் சிமிட்டியது.

மேனேஜர் மாடி ஜன்னலைப் பார்த்தார். அது திறக்கவில்லை. ஒட்டுகிறவரின் போன்தான் அடித்தது. போனைக் காதில் வைத்தபடியே, தூக்கம் கலையாத கண்ணோடு படியிறங்கி வந்தார் மாப்பிள்ளை.

"அண்ணே, கூப்பிட்டிருந்தீங்களா? ஒட்டியாச்சா? அட, மாமா. அதுக்குள்ள பாத்துட்டீங்களா? அது எங்க அப்பாவே தேடிப் பிடிச்சு வாங்கி அனுப்பினது. ஸ்டேஷனுக்கு என் காரையே எடுத்துட்டு வரச் சொன்னாரு, இறங்கினதும் அதைத்தான் முதல்ல பாக்கணுமாம்."

ஒட்டுகிறவர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி மேனேஜரின் கையில் வைத்தார்.

"நீங்க சொன்னது சரிதான் சார். அந்த மாமனாரை நினைச்சாத்தான் பாவமா இருக்கு."